இரண்டு சுழித் துணைவன்

சனிக்கிழமை, காலை

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நலம், நீங்கள் அங்கே நலமா என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவருக்குப் பொய்யான விடையை எழுதி அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. நான் நலமாக இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, கண்ணாடியை மாற்றினீர்களா என்றெல்லாம் நிதானமாகக் கேட்பது என் கடமை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உங்கள் தம்பி அங்கே இருக்கிறாரா? சாப்பிடுகிறாரா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? திட்டினார் என்றால் கவலை இல்லை. ஒன்றுமே சொல்லவில்லை என்றால்தான் கவலை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வீட்டில் அவர் இல்லை. தோள்பை இல்லை. இரண்டு சட்டை இல்லை. மூக்குக்கண்ணாடிக் கூடும் சிவப்புப் பேனாவும் இல்லை. இதெல்லாம் போனால்கூடப் பரவாயில்லை அண்ணி, அலமாரியில் அகராதி இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அந்த அகராதி என்ன கனம் என்று உங்களுக்கே தெரியும். அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்ற மனிதர்தான், அகராதி இல்லாமல் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும்தான், அதற்காக இரண்டு நாள் போய்விட்டு வருகிறவர் அதைத் தூக்கிக்கொண்டா போவார்? ஓடிப்போய்க் கீழ்வீட்டுத் தையல்காரரைக் கேட்டேன்.

"ஆமாம்மா, பஸ்ஸுக்குப் போனாரு. அக்கா வீட்டுக்குப் போறேன்னாரு."

"எப்ப வர்றேன்னு சொன்னாரா?"

"சொல்லலியே."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சி மாதிரிதான் இருந்துச்சு. ஒரு பக்கமா சாஞ்சு நடந்தாரு."

மனம் உடைந்துதான் சாய்ந்து நடந்தார் என்று நான் அன்று முழுவதும் அழுதேன். அகராதியின் கனத்தில் சாய்ந்திருக்கலாம் என்பது மறுநாள்தான் தோன்றியது. தோன்றியும் அழுகை நிற்கவில்லை.

போனில் கேட்கக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்கலாம். நான் முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள், ஊர் பேரைச் சொன்னால் போதும், எவரையும் எவரோடும் பேச வைத்திருக்கிறேன். என் புருஷனோடு பேச எனக்கு ஒரு வழி இல்லை. உங்கள் வீட்டு எண்ணுக்கு நாலு நாளில் இருபத்தாறு தடவை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. என் எண் என்று தெரிந்துகொண்டு நீங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கைபேசியே வேண்டாம் என்று வைராக்கியமாக இருப்பவர். அவருடைய கைபேசிக்கு அடித்தேன், அலமாரிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. விட்டுவிட்டுப் போய்விட்டார். என் கைபேசி எண் அவருக்கு மனப்பாடம் கிடையாது, அவருடைய கைபேசிக்குத்தான் மனப்பாடம். எங்கள் வீட்டுப் போனோ, அதன் கதையைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் அண்ணி. படித்துவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். தப்பு என்னுடையதுதான் என்றால் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுவதும் படித்த பிறகு சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டங்களில் பேசியதைப் பதிவு செய்து அனுப்புவார்கள், நான் காதில் மாட்டிக் கேட்டு எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். பழைய இணைப்பு நொண்டிக்கொண்டே இருந்ததால் மூன்று வாரத்துக்கு முன்னால் புது நிறுவனத்தின் இணைப்புக்கு மாறினோம். அவர்கள் ஆள் வந்து கம்பி இழுத்து, ஒரு பெட்டியை மாட்டி, வீட்டுப் போனையும் அதிலேயே சொருகிவிட்டு, "எல்லாம் இதுலயே இருக்கும்மா, சம்மதம் சம்மதம்னு அழுத்திக்கிட்டே போங்க" என்று ஓர் உறையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நானும் சம்மதம் சம்மதம் என்று ஒன்பது தடவை அழுத்தினேன். என் கல்யாணத்துக்கே நான் ஒரு தடவைதான் தலையாட்டினேன். உங்கள் தம்பி பக்கத்தில் நின்று அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இங்க பாரு, ரெண்டாவது எழுத்துலயே..." என்று ஏதோ தொடங்கினார். "முதல்ல இணைப்பு வரட்டும், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். தள்ளி நின்றார். இப்படித்தான் அந்தத் துணைவன் எங்கள் வீட்டுக்குள் வந்தான்.

சிரிக்காதீர்கள். அது மென்பொருளின் பெயர். நாம் கேட்பது இணைப்பு மட்டும்தான். அவர்களாகவே அதனோடு ஒரு மென்பொருளைக் கட்டிக் கொடுக்கிறார்கள். நம் கணினியைக் காப்பாற்றுமாம், வழிகாட்டுமாம், எழுத்தைத் திருத்துமாம், வானிலை சொல்லுமாம். அதற்குத்தான் துணைவன் என்று பெயர். ஏதோ ஒரு சாமர்த்தியசாலி வைத்த பெயர், என் குடும்பத்தைக் கெடுக்கவென்றே வைத்த பெயர்.

முதல் நாளே கணினியில் நான் எப்போதும் திறக்கும் பக்கம் போய் அந்த நிறுவனத்தின் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சரி, புது மருமகன், கொஞ்சம் அலட்டிக்கொள்வான் என்று விட்டேன். இரண்டாம் நாள் கணினி எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆனது. பொத்தானை அழுத்திவிட்டு டீ போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் "துணைவன் தயாராகிறான்" என்றே எழுதியிருக்கும். எதைத் தொட்டாலும் "நிச்சயமாகவா?" என்று கேட்பான், ஆமாம் என்றால் "உண்மையாகவே நிச்சயமாகவா?" என்பான். வெளியே வெயில் கொளுத்த, திரை ஓரத்தில் மழை பெய்துகொண்டிருக்கும். உங்கள் தம்பி அச்சில் வந்ததையெல்லாம் நம்புகிறவர், அதை நம்பி மூன்று நாள் குடையோடு நூலகத்துக்குப் போய்வந்தார். வீட்டுப் போன் இரண்டு மணி அடித்து நின்றுவிடும், அதற்குள் ஓடிப்போய் எடுத்தால் "துணைவனுக்கு வருக" என்று ஒரு குரல் நம்மையே வரவேற்கும். ஒரு குடிநீர் நிறுவனத்தின் கூட்டத்தை மாங்குமாங்கென்று எழுத்தாக்கி அனுப்பினேன். அதில் "தலைவர் எழுந்து பேசினார்" என்று நான் அடித்த இடத்திலெல்லாம் துணைவன் திருத்தம் செய்து, "தலைவலி எழுந்து பேசினார்" என்று பதினேழு இடத்தில் போட்டுவிட்டான். அந்த அலுவலக மேலாளர் போன் செய்து, "நடந்தது அதுதாம்மா, இருந்தாலும் மாத்திக் குடுத்துடுங்க" என்றார்.

இவை எல்லாவற்றையும்விட மோசம், அவனுடைய காவல் வேலை. வெளியிலிருந்து எது வந்தாலும், நாமே எதைச் செய்து வைத்தாலும், அவனுக்குச் சந்தேகம். தடுப்பு அறை என்று ஒன்று வைத்திருக்கிறான். நல்ல நல்ல கோப்புகளைப் பிடித்து அதில் போட்டுப் பூட்டிவிட்டு, "ஒரு சந்தேகக் கோப்பு பிடிபட்டது, கவலை வேண்டாம்" என்று கொட்டு முழக்குவான். திறக்கச் சொன்னால் திறக்க மாட்டான். என் கூட்டப் பதிவுகள் ஐந்து அதற்குள் மாட்டிக்கொண்டன. அதனால் செவ்வாய்க்கிழமை, இவன் சகவாசமே வேண்டாம் என்று முடிவு கட்டி, உதவி மையத்தை என் கைபேசியில் கூப்பிட்டேன். அங்கேதான் அண்ணி எனக்குச் சனி பிடித்தது.

ஐம்பது நிமிடம் காத்திருக்க வைத்தார்கள். முப்பத்தோரு வருடம் ஊரிலிருக்கிறவர்களையெல்லாம் "கொஞ்சம் லைன்லயே இருங்க" என்று சொல்லிச் சொல்லிச் சேர்த்த பாவம், ஒரே நாளில் தீர்த்துக்கொண்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான், பொறுமையான குரல். ஆனால் ஐம்பது நிமிடக் கோபம் எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. நான் பேசியதை ஒரு வார்த்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

"என்னம்மா பிரச்சினை?"

"துணைவன்தான் பிரச்சினை. நான் கேட்டது இணைப்பு மட்டும்தான், நீங்க இவனையும் சேத்துக் கட்டி வெச்சுட்டீங்க."

"துணைவன் என்ன செய்யறாரும்மா?"

"ஒண்ணா ரெண்டா? கேக்காமலே முன்னால வந்து நிக்கிறான். காலைல எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆகுது. எதைச் செஞ்சாலும் நிச்சயமா நிச்சயமான்னு ரெண்டு தடவை கேக்கறான். நான் வெச்ச பொருளை வெச்ச இடத்துல இருக்க விடமாட்டான், எங்கயாவது கொண்டுபோய் ஒளிச்சு வெச்சுடறான். நான் ஒண்ணு சொன்னா நடுவுல பூந்து திருத்தறான். வெளியிலேர்ந்து யாரு வந்தாலும் சந்தேகம். ஒரு வேலைய எடுத்தா முடிச்சான்னு கிடையாது, பாதியில அப்படியே நிக்கும்."

"புது துணைவன் வந்திருக்கும்மா, மாத்திக்கிறீங்களா?"

"எனக்குப் புதுசும் வேணாம் பழசும் வேணாம். இவன் வர்றதுக்கு முன்னாடி நான் நிம்மதியாத்தான் இருந்தேன். எப்படித் தொலைக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

இதைச் சொல்லி நிமிர்கிறேன், வாசற்படியில் உங்கள் தம்பி நிற்கிறார். கையில் பிரித்த உறை ஒன்று இருந்தது. மின்சாரக் கட்டணச் சீட்டு என்று நினைத்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எத்தனை நேரமாக நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. "இப்ப வேணாம், போங்க" என்று கையை ஆட்டிவிட்டேன். முப்பத்துநாலு வருடக் குடித்தனத்தில் என் கை செய்த தப்புகளில் இதுதான் பெரிது. அவர் அந்த உறையோடு உள்ளே போனார்.

அந்தப் பெண் வழி சொன்னாள். இங்கே போ, அங்கே அழுத்து, நீக்கு என்பதை அழுத்து. அழுத்தினேன். துணைவன் ஒரு கட்டத்தைக் காட்டினான். "உறுதிப்படுத்த, நீக்க வேண்டிய மென்பொருளின் பெயரை அப்படியே தட்டச்சு செய்யவும்." துணைவன் என்று அடித்தேன். பெயர் பொருந்தவில்லை என்றான். மறுபடியும் அடித்தேன், பொருந்தவில்லை. அவள், "எழுத்துப்பிழையா அடிக்கிறீங்க போலம்மா" என்றாள். ஒரு பிழைதிருத்துபவரோடு முப்பத்துநாலு வருடம் வாழ்ந்தவளைப் பார்த்து! எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் எங்கேயோ போய்விட்டது. "துணைவனை எனக்குத் தெரியாதா? இத்தனை நாள் கூடவே இருந்து சீரழியறேன், எனக்கா தெரியாது?" என்று கத்திவிட்டேன். அது உள் அறை வரை கேட்டிருக்கும். தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் பயந்துபோய், "அணைச்சுட்டு அரை மணி நேரம் தொடாம இருங்கம்மா, அப்புறம் பாருங்க" என்று வைத்துவிட்டாள். கணினியை அணைத்துவிட்டு, இருக்கும் சூட்டில் வீட்டில் இருந்தால் யாரையாவது ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். யாரையும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் போனேன் அண்ணி. சொல்ல வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே சொல்லி முடித்திருந்தேன்.

திரும்பி வந்தால் அவர் இல்லை. நான் அணைத்துவிட்டுப் போன கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. துணைவன் தானாகவே எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அவசரம் என்று ஆசை காட்டும் ஆபத்தான கோப்பு ஒன்று பிடிபட்டது, கவலை வேண்டாம்" என்று பீற்றிக்கொண்டிருந்தான். போகட்டும், ஒரு திருட்டுக் கோப்பையாவது பிடித்தானே என்று அந்தக் களேபரத்திலும் அவனை ஒரு வார்த்தை மெச்சினேன்.

வீடு முழுவதும் தேடிவிட்டேன், ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. சீட்டு எழுதி வைக்காமல் அவர் மாடிப்படி இறங்கியதே கிடையாது. உங்களுக்குத் தெரியும், அச்சகத்துப் பழக்கம், நூலகத்துக்குப் போனாலும் சீட்டு, தண்ணீர் வராது என்றாலும் சீட்டு, சர்க்கரை டப்பா மூடிமேல் ஒன்று, கண்ணாடி ஓரத்தில் ஒன்று. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதில் ஒன்றை வைத்து நான் மேசையைத் துடைத்துவிட்டேன். "நாளைக்குத் தண்ணீர் வராது" என்ற சீட்டு அது. மறுநாள் முகத்தில் சோப்போடு நின்றுகொண்டு நான்தான் கத்தினேன். "இந்தக் குப்பைய யாரு பாக்கறது? எங்கிட்ட சொல்லணும்னா இந்தத் திரையில எழுதி வைங்க, நாள் பூரா அது முன்னாடிதானே உக்காந்திருக்கேன்!" அன்றிலிருந்து சீட்டு குறைந்துதான் போனது. இன்று ஒரு சீட்டு கிடைக்காதா என்று குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடுகிறேன். இருக்கும்போது அருமை தெரியாது என்பார்களே, அது எனக்காகவே சொன்னது.

இந்த நாலு நாளில் நான் எவ்வளவோ யோசித்துவிட்டேன். நான் சொன்னது துணைவனைத்தான், அவரை இல்லை. இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். ஆனால் உங்களிடம் மட்டும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணிடம் குறைகளை அடுக்கிக்கொண்டே போனபோது, நாலாவதுக்கு மேல் எனக்கே ஒரு மாதிரி சரளமாக வந்தது. நேற்று முளைத்த ஒரு மென்பொருளைப் பற்றி அவ்வளவு சரளம் வராது. நான் பேசும்போது நடுவில் புகுந்து திருத்துவது யார்? நான் வைத்த கத்தரிக்கோலை வைத்த இடத்தில் இருக்க விடாதது யார்? கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் "நிச்சயமா பூட்டினியா, நிச்சயமா?" என்று தெருமுனை வரை கேட்பது யார்? அவரும் வாசற்படியில் நின்று இதைத்தான் நினைத்திருப்பார். அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. காலையில் எழுந்து இரண்டு கோப்பையில் டீ ஊற்றுகிறேன், ஒன்று ஆறிப்போகிறது. நேற்று அந்தத் துணைவன் திரையில் வந்து "நிச்சயமாகவா?" என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே அண்ணி, அவர் உங்கள் பேச்சைத்தான் கேட்பார். நடந்ததை விளக்கிச் சொல்லி அவரை அனுப்பி வையுங்கள். அவர் நம்பவில்லை என்றால் அந்த மென்பொருளை நான் நீக்கிவிட்டு, நீக்கியதைப் படம் எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். ஆனால் அதுதான் நடக்க மாட்டேன் என்கிறது. நாலு நாளாக அந்தக் கட்டத்தில் துணைவன் துணைவன் என்று அடிக்கிறேன். ஸ்ரீராமஜெயம் எழுதுகிற மாதிரி அடித்தாகிவிட்டது. எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடித்தேன், து, ணை, வ, ன். பொருந்தவில்லை. மேலே பெரிதாக அவன் பெயர் எழுதியிருக்கிறது, கீழே நான் அதைத்தான் அடிக்கிறேன், பொருந்தவில்லை. இதை உங்கள் தம்பி பார்த்திருந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "படிக்கிறவன் கண்ணு தப்பை மன்னிச்சுடும், மனசு சரியாவே படிச்சுக்கும். மன்னிக்காம இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பார். எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

அண்ணி, ஒரு நிமிடம்.

"ரெண்டாவது எழுத்துலயே" என்றார் அன்றைக்கு. அந்த உறையை வைத்துக்கொண்டு. ரெண்டாவது எழுத்தில் என்ன? பேனாவை வைக்கிறேன், அந்த உறையைத் தேட வேண்டும்.

வந்துவிட்டேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். உறைமேல் "துனைவன்" என்று அச்சடித்திருக்கிறார்கள். மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி! திரையிலும் அப்படித்தான் இருக்கிறது. மூன்று வாரமாக என் கண் அதை மன்னித்துக்கொண்டே வந்திருக்கிறது. இத்தனை பெரிய நிறுவனம், சொந்தப் பிள்ளையின் பெயரையே தப்பாக எழுதி ஊர் முழுக்க விட்டிருக்கிறது. நான் அந்தக் கட்டத்தில், ஒரு பிழைதிருத்துபவரின் மனைவி, தெரிந்தே, இரண்டு சுழி போட்டு, துனைவன் என்று அடித்தேன். "நீக்கப்படுகிறது" என்றான். நிச்சயமாகவா என்றுகூடக் கேட்கவில்லை அண்ணி! ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கிறது. முடிந்ததும் தானாக அணைந்து எழுந்திருக்குமாம். அவர் அன்றே சொல்ல வந்தார், தள்ளி நிற்கச் சொன்னது நான். இதையும் அவரிடம் சொல்லுங்கள். அவர் சொன்னதுதான் சரி, நான் கேட்கவில்லை என்று நானே கைப்பட எழுதியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். இப்படி ஒரு வாக்கியம் என்னிடமிருந்து வாங்க அவர் முப்பத்துநாலு வருடம் காத்திருக்கிறார்.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாடிப்படி ஏறாதீர்கள். பெரியவர் நீங்கள், உங்கள் ஆசி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தே இருக்கட்டும், தனித்தனியாக வேண்டாம். அவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுங்கள், சொல்லாவிட்டால் போட மாட்டார். சீக்கிரம் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலையே எதிர்பார்த்துக் காத்திருக்கும்
தம்பி மனைவி

பின்குறிப்பு: அண்ணி, மேலே எழுதியிருப்பது எதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவரை அனுப்பவும் வேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் கணினி எழுந்தது, கால் நிமிடத்தில் எழுந்தது. துனைவன் போன கையோடு தடுப்பு அறையும் திறந்துகொண்டு, பிடித்து வைத்திருந்ததையெல்லாம் திரையில் கொட்டியது. கூட்டப் பதிவுகள் ஐந்தும் இருந்தன. ஆறாவதாக ஒரு கோப்பு. அதன் பெயர், "அவசரம். உடனே திறந்து படிக்கவும்". செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் கடைக்குப் போயிருந்த நேரம், உங்கள் தம்பி ஒற்றை விரலால் அடித்து வைத்தது. நான் சொன்னபடி திரையில்தான் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கடன்காரன் அதைத்தான் பிடித்து உள்ளே போட்டுவிட்டு என்னிடம் மெச்சல் வாங்கியிருக்கிறான். அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவரும் இதே இணைப்பு வாங்கியிருக்கிறார். அதே துனைவன். பிழை என்னுடையதல்ல, அவர்களுடையது. அங்கே தொலைபேசியில் கூப்பிடுகிறவருக்கு மணி கேட்கிறதாம், வீட்டுக்குள் கேட்பதில்லையாம். நான் போய் அதை நீக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவர்களுடைய ஆள் வந்து தொலைபேசியைச் சரிசெய்ததும், மறுநாள் சனிக்கிழமை வருகிறேன். எழுத்து எத்தனை சுழி என்று அந்த ஆளிடம் காட்ட அகராதி தேவைப்படுகிறது. நீயும் நீக்க வேண்டுமானால் பெயரைத் தப்பாகவே அடிக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் வந்தேன், நீ போனில் இருந்தாய். நீ போனில் சொன்னது காதில் விழுந்தது. மொத்தம் ஏழு குறைகள். நான்கு அவனுக்குப் பொருந்தும், மூன்று எனக்கு. திருத்திக்கொள்கிறேன்."

நீங்களே கடிதம் போட்டு வரவழைத்தவர், உங்களிடமே போய் அவர் அங்கே இருக்கிறாரா என்று நாலு பக்கம் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இரண்டு மணி அடித்து நின்ற போன் இந்த வாரத்தில் ஐந்து தடவை அடித்தது. யார் வீட்டிலிருந்தாவது அவர்தான் கூப்பிட்டிருப்பார் என்று இப்போது தெரிகிறது. வேலை முடியும் வரை அவர் அங்கேயே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை மட்டும் அவரிடம் காட்டிவிடாதீர்கள், சிவப்புப் பேனா கையில் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயம். அந்த மூன்று எவை என்று அவர் எழுதவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன், எனக்கு ஐந்து வருகிறது. அதைச் சொல்லிவிடாதீர்கள், மூன்றைத் திருத்தினாலே பெரிய காரியம். ஆனால் கேட்காமலே முன்னால் வந்து நிற்கிறான் என்று முதலில் சொன்னேனே, அது அவருடைய மூன்றில் இருந்தால், அதை மட்டும் திருத்த வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.